சுனிம் அக்காவின் விடியற்கால மாத்திரை

கொரியாவின் குன்சான் துறைமுக ஊர் மீன் சந்தையில் நெத்திலி விற்கும் சுனிம் அக்கா, ஆபரேஷனில் தைராய்டு சுரப்பியை எடுத்த பிறகு விடியற்கால ஜெபத்தில் தூங்கித் தூங்கி விழுந்தாள்.

"அக்கா, உன் குறட்டையில கர்த்தரே எந்திரிச்சுடுவாரு போல!" என்று பக்கத்துக் கடை மிரான் கிண்டல் செய்வாள்.

அக்கா சிரிக்கமாட்டாள். முன்பெல்லாம் கண்ணீர் விட்டு ஜெபித்தவள். "உள்ள ஒண்ணுமே இல்லடி. கர்த்தரு என்னை விட்டுப் போயிட்டாரு" என்று ஜெபத்தில் பக்கத்தில் உட்காரும் என்னிடம் மட்டும் சொல்வாள்.

சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போடும் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியும் குணமில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஜெபத்துக்கு முன்னாடி சர்ச்சுல சூடா சோயாப்பால் தருவாங்க, அதோடதான். கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே முழுங்கிடுவேன்."

"ஐயோ அம்மா, ரெண்டுமே அந்த மருந்தை உடம்புல சேரவிடாது. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. சோயாப்பால், கால்சியம் எல்லாம் நாலு மணி நேரம் கழிச்சு. தூக்கம், மனசு மரத்துப்போனது எல்லாம் சரியாயிடும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவோ பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்போ என் கண்ணீரெல்லாம் அந்தச் சுரப்பி தந்ததுதானா? அவரு எப்பவாச்சும் என்கிட்ட வந்தாராடி?"

நான் மருந்துச் சீட்டை மடித்து அவள் பையில் வைத்தேன்.

இன்று ஜெபத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. "ஏன்க்கா ஜெபத்துக்கு வரல? மாத்திரை போட்டியா?" என்று சந்தையில் கேட்டேன்.

"மாத்திரையா? தண்ணியோடதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு நெத்திலியை அளக்க ஆரம்பித்தாள்.