ஸ்டெல்லா அக்கா திருத்தி எழுதிய அத்தியாயம்

ஈசூன் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் அழைத்தார். "அவ போயிட்டா தம்பி" என்றார். வந்த ரயிலில் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் சட்டச் சீர்திருத்த ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர் அக்கா. பொதுமக்களின் நன்கொடையில்தான் அது நடக்கிறது. பெற்றோரைப் பராமரிக்க வேலையை விட்ட பிள்ளைகள், அவர்கள் இறந்தபின் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கச் சட்டம் வழிசெய்ய வேண்டும் என்பது எங்கள் கடைசி ஆய்வு.

மார்சிலிங்கில் கமலா என்பவர் படுக்கையில் கிடந்த தாயைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டார். தாய் போனதும் அண்ணன் தன் பங்குக்காக வீட்டை விற்கச் சொன்னார். இதைக் கேட்டு எங்களுக்கு அதிக நன்கொடை தந்தவர் ஒரு பெரியவர். அவரும் அப்படி வீட்டை இழந்தவர். அறிக்கை கமலாவின் பக்கமே நிற்கும் என்று நம்பினார்.

அக்கா புக்கிட் மேராவுக்குப் போய் அந்த அண்ணனையும் பார்த்தார். வாடகை வீட்டில், டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார் அவர். திரும்பி வந்ததும் அக்கா அத்தியாயத்தைத் திருத்தினார்: பராமரித்தவருக்கு அவகாசம் வேண்டும், ஆனால் மற்றவர் பங்கு அழியக்கூடாது. பெரியவர் விலகிவிடுவார், குழுவை மூட வேண்டிவரும் என்று நான் பதறினேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குலா. ஆனா உதவி செஞ்சவங்க கேக்குற முடிவ எழுதினா அதுக்குப் பேரு ஆய்வு இல்ல" என்றார் அக்கா.

பெரியவர் விலகினார். கமலாவும் எங்கள் அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். அதுதான் அக்காவை வதைத்தது. தன் நோய் தெரிந்த பிறகும் மார்சிலிங்குக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஒருநாள் கமலா திறந்தார், அண்ணனின் நிலையைப் பொறுமையாகக் கேட்டார். "அண்ணனுக்கு இவ்வளவு முடியலன்னு என்கிட்ட யாரும் சொல்லல" என்று மட்டும் சொன்னாராம். வேலை கிடைக்கும்வரை கமலா அங்கேயே இருக்கட்டும் என்று அண்ணனும் பிறகு ஒப்புக்கொண்டார்.

அறிக்கையை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டோம், பதில் இல்லை. அடுத்த வாரம் அதைப் பற்றிய பொதுக் கலந்துரையாடலில் அக்காவின் இடத்தில் நான் பேச வேண்டும். மாடி அறை எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதும் தெரியாது.

ஒவ்வொரு வரைவும் முடிந்ததும் அவர் கேட்பார்: "இதப் படிச்சா யாருக்கு வலிக்கும்? அவங்கள பாத்தாச்சா?" அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். உரையை எழுதி முடித்துவிட்டேன். எங்களை விட்டு விலகிய பெரியவரை இன்று மாலை பார்க்கப் போகிறேன், நன்கொடை கேட்க அல்ல, உரையை முதலில் அவரிடம் படித்துக் காட்ட.