குளவிக் கூடு தேடிய புகையக்கா

புகையக்கா என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. மாடி விளிம்பில் குளவியோ தேனீயோ கூடு கட்டிவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஏணி போட்டு ஏறி, ஈரச் சாக்கைக் கொளுத்திப் புகை காட்டி, கூட்டை மொத்தமாக அறுத்து வாளியில் போட்டுக்கொண்டு இறங்குவாள். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிறகு பிடித்துக்கொண்ட பிழைப்பு. ஊர் ஊராக அலைகிற வேலை என்று மகளைச் சின்ன வயதிலேயே விடுதியில் விட்டுவிட்டாள். சோப்பு, செருப்பு, போர்வை எல்லாம் நேரத்துக்குப் போய்விடும். அவள்தான் போகமாட்டாள்.

அந்த மகள்தான் இப்போது என் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிற டீச்சர். நான் மாடியில் இருக்கிறேன். வீடு என்னுடையது, அதை நாலு பேர் காதில் போட்டுவைப்பது என் வழக்கம்.

பிள்ளைகள் விளையாடப் பின்பக்கம் கொட்டிய மணலில் குளவிகள் பறக்க ஆரம்பித்தன. பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். டீச்சர் வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். "வேலைய முடிச்சிட்டு சாயங்காலமே கிளம்பிடணும்" என்று கறாராகச் சொன்னது மாடி வரை கேட்டது.

புகையக்கா ஒரு பெரிய பையோடு வந்தாள். அரை நாள் வேலைக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு? முட்டி வலியில் அவளால் இனி ஏணி ஏற முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். மகளோடு தங்கிவிடத்தான் வந்திருக்கிறாள். மகளிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, பாவம்.

"உள்ள பெரிய கூடு இருக்கும். அத எடுத்துட்டா போதும்" என்று மண்வெட்டியைப் பிடித்தாள். கூட்டமாகச் சேர்ந்து கூடு கட்டுபவற்றையே பார்த்துப் பழகிய கண். தோண்டு தோண்டு என்று தோண்டி என் ரோஜாச் செடி வரைக்கும் வந்துவிட்டாள்.

"ஏம்மா, கிணறு வெட்டறியா?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"கூடு ஆழத்துல இருக்குங்க."

"விட்டா என் வீடே ஆழத்துக்குப் போயிடும்!"

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். கூடு இல்லவே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு வளை, அதன் கடைசியில் சின்ன அறை, அதில் ஒரு பச்சைப் புழு. அது சாகவும் இல்லை, நகரவும் இல்லை. அதன்மேல் ஒரு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தது. பக்கத்து வளையைத் தோண்டினாலும் அதே கதை.

டீச்சர் போனில் தேடிப் படித்தாள். "இது கூட்டமா வாழற குளவி இல்ல. ஒவ்வொண்ணும் தனித்தனியா வளை தோண்டும். புழுவ கொட்டி மயக்கி, கொண்டுவந்து வச்சு, மேல முட்டை போடும். சும்மா யாரையும் கொட்டாது. சீசன் முடிஞ்சா போயிடும்." போனை இறக்கினாள். "சாப்பாடு குறையில்லாம வச்சு, மண்ணப் போட்டு மூடிட்டுப் போயிடும். திரும்பியே பாக்காது. உன்ன மாதிரிதான்."

எனக்கே சுருக்கென்றது. புகையக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"ஏன் திரும்பி வராதாம்?"

"குஞ்சு வெளிய வர்றதுக்குள்ள தாய்க்குளவி செத்துடுமாம்."

"நான் சாகலியே. வந்துட்டேன்ல."

"இப்ப வந்தா எல்லாம் சரியாயிடுமா?" டீச்சர் அழுதுவிட்டாள்.

"ஆகாது. இருந்தாவது பாக்கலாம்னு வந்தேன்."

 டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைங்கள இந்தப் பக்கம் விடாம ஒரு ஆள் பாத்துக்கணும். நாளையிலேர்ந்து நீ பாத்துக்கோ."

"குளவி போற வரைக்குமா?"

"குளவி போகட்டும். நீ இரு."