பிஸ்கோத்தின் நாலாவது குளியல்

தேவப்பிரியம் இருபத்துமூன்று வருடம் காசிமேட்டு ஷெட்டில் இறால் உரித்தவள். அவள் உரித்துப்போட்ட ஓடுகளையெல்லாம் வரிசையாக அடுக்கினால் ராயபுரத்திலிருந்து அந்தமானுக்குக் கால் நனையாமல் நடந்தே போகலாம். மனசிருந்தால் திரும்பியும் வரலாம். ஐஸ் தண்ணீர் அவள் கைகளில் பாதியைத் தின்றது, சர்க்கரை நோய் மீதியைத் தின்றது. ரேஷன் கடைக் கைரேகைக் கருவி பத்து விரலையும் தடவிப் பார்த்துவிட்டு, இப்படியொரு பெண்பிள்ளை உலகத்திலேயே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது.

புருஷன் போனபின் கொழுந்தன் ஃப்ரெடி வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அது அவன் போட்ட பிச்சை என்று தெருவுக்கே தெரியும், வாரம் ஒருமுறை அவனே சொல்லிக்கொண்டிருந்ததால். அவளுக்கென்று இருந்தது பிஸ்கோத்து என்கிற நாய் மட்டும்தான். அதற்குப் பூத்தோல், தூசி பட்டாலும் சிவக்கும். தான் தலைக்குப் போடும் ஷாம்பூவையே பாசத்தில் அதற்கும் போட்டுத் தேய்த்தாள். முதுகு முழுக்க முடி கொட்டிச் சொறி பிடித்தது.

நவம்பர் கடைசியில் ஃப்ரெடி வந்து நின்றான்.

"அண்ணி, எம் பொண்ணு மெர்லின் கொயந்தையத் தூக்கினு வருது. நாலாம் ஞாயிறு ஞானஸ்நானம். அதுக்குள்ள இந்தச் சொறி நாய்க்கு முடி மொளைக்கணும். இல்லாங்காட்டி சாக்குல கட்டி எண்ணூர் ஆத்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன்."

"தேத்திடறேன் தம்பி."

"நீயா? ரேஷன் மிஷினே உன்ன ஆளா மதிக்கல, நீ நாயத் தேத்தப்போறியா?"

மாட்டாஸ்பத்திரி டாக்டர், மனுஷ ஷாம்பூ நாய்த்தோலுக்கு ஆகாது, வாசனை கீசனை எதுவும் கூடாது என்று திட்டி அனுப்பினார். அவர் சொன்னபடி நாலு பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டாள். ஓட்ஸை மாவாக அரைத்துத் துணியில் சலித்தாள். கற்றாழையின் மஞ்சள் பால் எரியுமென்று அந்தச் சோற்றை ஏழு தண்ணீரில் அலசினாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு அலசியதில்லை. வெள்ளிக்கிழமை காய்ச்சி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, சனிக்கிழமை குளிப்பாட்டுவாள்.

மூன்று சனிக்கிழமையில் சொறி அடங்கியது. முதுகில் பூனை மயிர்போல முடி அரும்பியது. பிஸ்கோத்து அவள் உள்ளங்கையில் மோவாயை வைத்துத் தூங்கும். ஃப்ரெடிக்கு அதைப் பார்க்கவே வயிறெரிந்தது.

நாலாவது வெள்ளிக்கிழமை தண்ணி லாரி வரவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் வந்தது. பன்னிரண்டு மணிக்கு மெர்லின் குழந்தையோடு இறங்குகிறாள். அடித்துப் பிடித்துக் காய்ச்சி, அகலமான அலுமினிய அன்னக்கூடையில் ஊற்றி, ஓட்ஸும் கற்றாழையும் கலந்து அடித்தாள். நுரை மெத்தைபோல எழும்பி மூடிக்கொண்டது. கீழே இருந்த ஆவி வெளியே வரவில்லை. சூடு பார்க்க மணிக்கட்டு வரை கையை விட்டாள். ஒன்றும் சுடவில்லை. ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, ஒரு மக்கு மொண்டு பிஸ்கோத்தின் முதுகில் ஊற்றினாள்.

அது போட்ட சத்தத்தில் மாதாகோயில் புறா அத்தனையும் கிளம்பி மணலி வரை பறந்ததாகச் சொல்வார்கள். பிஸ்கோத்து அவள் கையைக் கவ்வியது. பல் இறங்கி ரத்தம் நுரையில் விழுந்தது. அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஃப்ரெடி ஓடிவந்தான். அன்னக்கூடைக்குள் ஒரு விரலை விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"யம்மாடி! நாய வேக வெச்சிட்டியே அண்ணி!" சொல்லிவிட்டுச் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தேவப்பிரியம் தன் கையைப் பார்த்தாள். வெந்த இறாலின் நிறத்தில் இருந்தது. தோல் தானாகவே உரிந்துகொண்டிருந்தது. பிஸ்கோத்தின் புதுமுடி கொத்தாக அவள் விரலில் ஒட்டியிருந்தது.

ஞாயிறு விருந்தில் பிரியாணி வாசனைக்கு நாய் வாசல் கேட் ஓரமாக வந்து நின்றது. தேவப்பிரியம் ஒரு கறித்துண்டை எடுத்துக் கையை நீட்டினாள். அது பல்லைக் காட்டி உறுமிப் பின்வாங்கியது. ஃப்ரெடி ஒரு எலும்பை நீட்டினான். இதுவரை உதையைத் தவிர எதுவும் கொடுக்காத அவன் கையிலிருந்து, வாலை ஆட்டிக்கொண்டு அது வாங்கித் தின்றது.

"பாத்தியா அண்ணி? உன் புள்ள இன்னிக்குத்தான் மன்சன் கையக் கண்டுகிச்சு." எலும்பைக் காட்டிக்காட்டியே அதைப் பின்கட்டு வரை நடத்திக்கொண்டு போய், ஓரமாகக் கிடந்த சாக்கை உதறினான். நாய் வாலாட்டிக்கொண்டே நின்றது.

"தம்பி, ஒரு நிமிசம்."

"அழுவுற வேலையெல்லாம் வெச்சுக்காத."

"அழல. சாக்கு சொரசொரன்னு கீது. முதுகு புண்ணுல ஒரசும்."

உள்ளே போய்த் தன் பழைய நூல் புடவையை எடுத்துவந்தாள். நாலாக மடித்தாள். மெத்தென்று இருக்கிறதா என்று கட்டுப்போட்ட கையால் தடவினாள், நிறுத்திக்கொண்டாள். பிறகு புடவையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சாக்குக்குள் விரித்தாள்.