மஜீது ஹஜரத்தின் இரண்டு பதில்கள்

என் வீட்டுக்காரர் அப்துல் மஜீதுக்கு எதற்கும் ஒரே பதிலாகச் சொல்ல வராது. ஆணத்தில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட, "சோத்துல ஊத்திக்கிட்டா போதும் குல்சும், சும்மா குடிச்சா கொஞ்சம் ஜாஸ்தி, அல்லாஹ்தான் நல்லா அறிஞ்சவன்" என்பார். "உப்புக்கெல்லாம் அல்லாஹ்வ இழுக்காதீங்க" என்று நான் கத்துவேன்.

லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜரத் அவர். மற்ற நேரமெல்லாம் அரபுக் கிதாபுகள்தான். அந்தக் காலத்து இமாம் ஒருவர் ஒரு வசனத்துக்கு என்ன பொருள் சொன்னார், அடுத்தவர் அதை ஏன் மறுத்தார், மார்க்கச் சட்ட வழிகளான நாலு மத்ஹபும் எதில் வேறுபடுகின்றன என்று துருவிக்கொண்டே கிடப்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தலை நிமிராது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இறந்தவர்களுக்குத் தனியாகவும், பயணத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகவும் துஆ கேட்பார். ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்ததால் பயணக்காரர்களுக்குக் கேட்பதுதான் நீளும்.

இப்படிப்பட்ட மனிதரிடம் 2000-ஆம் வருடம் சித்திரையில் ஹுஸ்னாவின் கேள்வி வந்து சேர்ந்தது.

ஹுஸ்னா எங்கள் தெருப் பெண். முத்தவல்லியின் மகன் முகமது ஆசிக்குக்கு வாக்கப்பட்டவள். பள்ளிவாசல் நிர்வாகமே முத்தவல்லி கையில்தான். கல்யாணமான கையோடு ஆசிக் சவூதிக்குப் போனான். ஒரு பெருநாளைக்குப் போன் செய்தான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. கம்பெனியை விட்டு ஓடிவிட்டான் என்றார்கள், பாலைவனத்தில் ஆடு மேய்க்கிறான் என்றார்கள், ஆளுக்கொரு கதை. இப்படியே ஐந்து வருடம் ஓடிப்போனது. அந்தப் பெண் புருஷனோடு வாழ்பவளும் இல்லை, விதவையும் இல்லை.

ஜெயங்கொண்டத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் ஆகிப், மனைவியைப் பறிகொடுத்தவர், அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். "பள்ளிவாசல்ல கூடும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நிக்காஹ் வச்சிக்கலாம். ரம்ஜான் வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல ஆகாது" என்றாராம். கூடுமா என்று ஹுஸ்னா இவரிடம் கேட்டுவிட்டாள்.

முத்தவல்லி கொதித்துப் போனார். "என் புள்ள உசுரோட இருக்கறான். அவன் பொண்டாட்டிய இன்னொருத்தனுக்குக் கட்டிக்கொடுக்க இந்த ஹஜரத்து யாரு?" என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கூடும், அங்கே ஹஜரத் ஏடாகூடமாக வாயைத் திறந்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்றும் சேதி வந்தது. நாங்கள் குடியிருந்தது பள்ளிவாசல் வீடு.

இவரிடம் போய் நின்றேன். "எல்லா ஹஜரத்தும் சொல்றதையே நீங்களும் சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன்.

"சொல்லலாம். நம்ம மத்ஹபுல பழைய தீர்ப்பு, அவன் வயசுக்காரங்கள்லாம் மௌத்தாகற வரைக்கும் இவ காத்திருக்கணும்னுதான்."

"அதுக்குள்ள இவளுக்குப் பல்லு விழுந்துடும்!"

"அதான் இன்னொரு மத்ஹபையும் பாக்கறேன். அதுல நாலு வருசந்தான். இந்த மாதிரி கஷ்டத்துக்கு அத எடுத்துக்கலாம்னு நம்ம ஆலிம்களே சொல்லியிருக்காங்க."

"எடுத்துக்கிட்டு? நாம நடுத்தெருவுல நிக்கறதா?"

அவர் கிதாபின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வந்த ஆத்திரத்தில் டிரங்குப் பெட்டியை இழுத்துப்போட்டு, அவர் கண்ணெதிரிலேயே சாமான்களை அடுக்கத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார். "கிதாபுங்கள அடியில வை குல்சும், மேல வச்சா கசங்கிடும்" என்றார். அந்த ஆளை என்ன செய்வது!

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளிவாசல் முற்றம். ஞாயிற்றுக்கிழமை ஹுஸ்னா வந்து என்னோடு ஜன்னலோரம் நின்றாள். என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

இவர் நிதானமாக இரண்டு தீர்ப்பையும் விளக்கினார். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார், எங்கே பிரிந்தார்கள் என்று ஒவ்வொன்றாக. கூட்டம் நெளிந்தது. கடைசியில், "நாலு வருசம் தாண்டிடுச்சு. புருசன் மௌத்தானவ காத்திருக்கற நாலு மாசம் பத்து நாள் இத்தாவ ஹுஸ்னா இருந்து முடிச்சுட்டா, நிக்காஹ் கூடும்" என்றார்.

முத்தவல்லி எழுந்துவிட்டார். "மௌத்தானவ இத்தாவா? அப்ப என் புள்ள செத்துட்டான்ங்கறியா நீ?"

ஹஜரத்தை ஒருமையில் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஹுஸ்னாவின் நகம் என் கையில் பதிந்தது. யா அல்லாஹ், இந்த ஒரு தடவையாவது இந்த மனிதர் ஒழுங்காக ஒரே பதில் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஹுஸ்னாவுக்கு ஆமாங்க" என்றார் இவர். "உங்களுக்கு இல்லைங்க."

"என்ன வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்லைங்க. நாலு வருசம்னு சொன்ன அதே கிதாபுதான் இதையும் சொல்லுது. பொண்டாட்டி விசயத்துல அவன் போயிட்டவன். சொத்து விசயத்துல உசுரோட இருக்கறவன். அவன் சொத்த யாரும் பிரிக்கக் கூடாது, அவனுக்குன்னு வச்சிருக்கணும். கெடு வச்சதெல்லாம் பொண்டாட்டி காத்திருக்கறதுக்குத்தான். பெத்தவங்க காத்திருக்கறதுக்கு நான் படிச்ச வரைக்கும் யாரும் கெடு வைக்கல. ஆசிக் எங்க இருக்கறான்னு அல்லாஹ்தான் நல்லா அறிஞ்சவன்."

முத்தவல்லி நின்றபடியே இருந்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப ஜும்மாவுல," என்றார், "அவன் பேர எதுல சொல்லுவீங்க? மௌத்தானவங்களோடயா?"

"பயணத்துல இருக்கறவங்களோட."

முத்தவல்லி தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "கூடும்னு எழுதிக்குங்க" என்று ஜமாஅத்தாரிடம் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஹுஸ்னா என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? அன்று சாயங்காலமே சாமான்களை மறுபடி எடுத்து வைத்தேன். இவர் உதவிக்கு வரவில்லை. அடியில் இருந்த கிதாபுகள் வெளியே வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

நோன்புக்கு முன்பே நிக்காஹ் முடிந்தது. இந்த 2007-லும் நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை ஹுஸ்னா ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்தாள். என்னோடு சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் இவர் துஆ ஆரம்பித்தார். "பயணத்தில் இருக்கும் முகமது ஆசிக்கைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பாயாக."

எல்லோருக்கும் முன்னால், தளர்ந்துபோன ஒரு குரல் "ஆமீன்" என்றது. என் பக்கத்தில், ஆகிப்பின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஹுஸ்னாவும் மெதுவாக ஆமீன் சொன்னாள்.