மீன் தண்ணி போட்ட கோடு

ரோட்டுல வெள்ளைக்கோடு போடுறது என் தொழில். எதிர்ப்பக்கம் போக நின்னு நின்னு கால் கடுத்துப்போனவங்களே, உங்களுக்கும் எனக்கும் ஒரே தலைவலிதான்: நீங்க கடக்குற இடத்துல கோடு இருக்காது, நான் போட்ட கோட்டுல நீங்க நடக்க மாட்டீங்க.

இடம் பார்த்த லட்சணம்

ராமநாதபுரத்துல மீன் மார்க்கெட் பக்கம் ஜனங்க கடக்கக் கோடு போடுற வேலை வந்துச்சு. இடத்தை நீயே பார்த்துக்கன்னு இன்ஜினியர் அம்மா சொல்லிட்டாங்க. பஸ் நிக்கிறது மார்க்கெட் வாசலுக்கு நேர் எதிர்ல. ஆனா அங்கன ரோடு எப்பப் பாத்தாலும் ஈரம். ஈரத்துல பெயிண்ட் ஒட்டாது. உரிஞ்சு வந்தா என் பேருதான் கெடும். அதனால எண்பது அடி தள்ளி, காய்ஞ்ச இடமாப் பார்த்து, பளபளன்னு போட்டுட்டேன்.

மறுநாள் பெருமையாப் பார்க்கப் போனா, வெள்ளைப் பட்டைக்கு ஒண்ணா ஷேர் ஆட்டோ நிக்குது. என்னய்யா இதுன்னு கத்தினேன். ஒரு டிரைவர் கும்பிடாத குறையாச் சொன்னான்: "வரிசையா நிறுத்த அளவு இல்லாம ரொம்ப நாளாக் கஷ்டப்பட்டோம்ணே, நல்லா இருப்பீங்க!"

கழுத்து

ஜெபமாலை அக்கா தங்கச்சிமடத்துல இருந்து தினம் பஸ்ல மீன் கொண்டுவந்து விக்கிறவங்க. ஒரு நாள் என் கண்ணு முன்னாலயே, தலையில மீன் நிறைஞ்ச அன்னக்கூடையோட, மார்க்கெட் வாசலைப் பார்த்து நேரா நடந்து போனாங்க. எனக்கு வந்துச்சே கோவம். "யக்கா, கோடு அங்கன இருக்கு, இங்கன போறீகளே! ரெண்டு பக்கமும் பார்த்தாச்சும் போகக்கூடாதா?"

அவங்க கூடையை இறக்கினாங்க. துணிச் சும்மாட்டை என் தலையில வச்சு, கூடையைத் தூக்கி அதுமேல ஏத்திட்டாங்க. ஐஸ் தண்ணி சட்டைக்குள்ள இறங்குது. பின்னால வேன் ஆரன் அடிக்கிறான். திரும்பணும்னு நினைக்கிறேன், கழுத்து திரும்பினாத்தானே! அக்கா சிரிச்சாங்க: "இதோட எண்பது அடி அங்கிட்டுப் போயி, எண்பது அடி திரும்பி வரணுமாக்கும்? நீ போயிட்டு வா தம்பி, பார்ப்போம்."

கட்டு

ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல, ராமேஸ்வரம் போற டூரிஸ்ட் வேன் அக்காவைத் தட்டிட்டான். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு.  கேட்டதும் ரொட்டி வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி, தப்பு என் மேலதான் யக்கான்னேன். ஆறுதல் சொன்னாங்களா, குத்திக் காமிச்சாங்களா, இன்னைக்கும் எனக்கு விளங்கல: "விடு தம்பி. உன் கோட்டுல இன்னவரைக்கும் ஒருத்தருக்கும் அடிபடல. அங்கன ஒருத்தரும் நடக்கலையே."

ஈரம்

மறுநாள் காலையில இன்ஜினியர் அம்மாவை விடாப்பிடியா பஸ் நிக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் பஸ் வந்துச்சு. பத்துப் பொம்பளைங்க கூடையோட இறங்கி எதிர்ப்பக்கம் போனாங்க. அவங்க போனப்புறம் பார்த்தா, கூடையில இருந்து சொட்டின தண்ணி பஸ்ல இருந்து மார்க்கெட் வாசல் வரைக்கும் ஒரே பாதையா ஓடியிருக்கு.

"இந்த ஈரத்தைப் பார்த்துத்தான் மேடம் நான் ஒதுங்கிப் போனேன். கோடு இங்கனதான் வரணும். ஒட்ட வைக்கிறது என் பொறுப்பு." அந்தம்மா குனிஞ்சு பார்த்துட்டுச் சொன்னாங்க: "இவங்க தினமும் இடத்தைக் காட்டிட்டுத்தான் போறாங்க, நாமதான் பார்க்கல."

அவன் பார்த்தான்

மீன் வரத்துக் கம்மியா இருக்குற வெள்ளிக்கிழமை மதியம், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, கேஸ் பர்னரால ரோட்டைக் காய வச்சுக் கோடு போட்டோம். ரெண்டு பக்கமும் வேகத்தடை. நடுவுல நின்னு போக ஒரு திட்டு. அதுக்கு அகலம் எவ்வளவுன்னு தலையில கூடையை வச்சு நானே நின்னு பார்த்தேன். மூணு மாசமாச்சு. ஒரு பொருக்குக்கூட உரியல, உரியாது!

கை சேர்ந்து அக்கா திரும்பி வந்த அன்னைக்கு நான் இந்தப் பக்கம் நின்னேன். கூடையோட காலை எடுத்து வச்சாங்க. வேகமா ஒரு வேன் வருது.  வேகத்தடையில ஏறி இறங்கி, கோட்டுக்கு முன்னாடி நின்னுட்டான். அக்கா அசையாம நேரா நடந்து மார்க்கெட் வாசலுக்குப் போய், அங்கன இருந்து கத்தினாங்க: "இப்பவும் நான் திரும்பிப் பார்க்கல தம்பி! அவன் பார்த்தான்!"

இப்பல்லாம் எந்த ஊருக்குப் போனாலும், அளவு டேப்பை எடுக்குறதுக்கு முன்னாடி தரையில என்ன சொட்டியிருக்குன்னு குனிஞ்சு தேடுறேன். நான் என்னத்தையோ தொலைச்சிட்டேன்னு நினைச்சு நாலு பேரு நடுரோட்டுல கூடவே குனிஞ்சிர்றாங்க, அவங்களைக் கரையேத்துறதுதான் இப்ப எனக்குப் பெரும்பாடா இருக்கு.