திரும்பும் வழிக்கு மட்டும் டோல்

ஞாயிறு காலை ஆறரைக்கு டத்தோ கிராமாட்டிலிருந்து கிளம்பிய வேனில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டியது நான். பக்கத்தில் என் மகள் மலர். பின்னால், காலிக் கூடைகளுக்கு நடுவே, புதுக்கோட்டை முருகேசன். வேன் நானும் முருகேசனும் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையுடையது. வாராவாரம் நிபோங் திபால் போய் வாழையிலை வாங்கி வருவது என் வேலை. அன்று முதலாளிக்குத் தெரியாமல் முருகேசனையும் ஏற்றியிருந்தேன்.

அவர் ரொட்டி போடுகிறவர். வயது நாற்பத்தைந்து. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. தான் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் சம்பளத்தில் கழியும்வரை தரமாட்டாராம். மூன்று வருடமாகக் கழியவில்லை. அவரைக் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்குக் கூட்டிப்போக நிபோங் திபாலில் ஊர்க்காரர் ஒருவர் காத்திருந்தார்.

6.50, பாலம். எங்கள் தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போக டோல் இல்லை. திரும்பும்போதுதான் ஏழு வெள்ளி கட்டவேண்டும். பதின்மூன்றரை கிலோமீட்டரும் ரோட்டுவரி, டயர், போலீஸ் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்துகொண்டே ஓட்டினேன்.

மலர் காலேஜில் படிக்கும் பழைய அமெரிக்க நாவலைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பையன், தப்பி வந்த கறுப்பின அடிமையோடு ஆற்றில் போகிறான். காட்டிக்கொடுப்பதுதான் நியாயம் என்று ஊர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆனாலும் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறான். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், கேட்டுக்கொண்டேன்.

"அந்த ஆளுக்கும் பாக்கி இருந்துச்சா பாப்பா?" என்றார் முருகேசன்.

"இல்ல அங்கிள், ஆளையே வெலைக்கு வாங்கிட்டாங்க."

"அப்ப நம்ம கேஸ் பரவால்ல லா!" என்று சிரித்தார். "மூணு வருசத்துல நான் சம்பாதிச்சது இந்த ஊருப் பேச்சு 'லா' ஒன்னுதான்."

7.40. இருபுறமும் செம்பனைத் தோட்டம். சொன்ன இடத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். போன் அடித்தது. முதலாளி.

"அண்ணே, முருகேசனக் காணோம். ஒங்க வேன்லயா இருக்கான்?"

மலர் இல்லையென்று சொல்லும்படி தலையை ஆட்டினாள். பதினொரு வருட வேலை, வீட்டு வாடகை, அவள் காலேஜ் பீஸ்.

"ஆமாங்க முதலாளி."

"நல்லது. திருப்பிக் கூட்டியாங்க."

வேனை ஓரம் கட்டினேன். "எறங்கிப் போயிருங்க," என்றேன்.

"இப்ப எங்கண்ணே போறது? மொதலாளி போலீஸ்ல சொல்லிருவாரு. கையில பாஸ்போர்ட்டும் இல்ல." அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மலர் இறங்கிப் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அந்தக் கதையில நெறம் வேற வேறப்பா," என்றாள். "இங்க முதலாளியோட சேத்து நாலு பேரும் ஒரே நெறம்தான்."

இலையை மட்டும் மறக்காமல் வாங்கினேன்.

9.20, டோல். அதே கடல், அதே பாலம். கடையில் முதலாளி சத்தம் போடவில்லை. நோட்டைத் திறந்து, "டோல் எவ்வளவு?" என்றார். இலைக்காக எப்படியும் கட்டவேண்டியதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஏழு வெள்ளி," என்றுதான் சொன்னேன். முருகேசன் அடுப்படிக்குப் போய் மாவு பிசைய ஆரம்பித்திருந்தார்.

அவர் பெயரில் இருந்த பாக்கி 3,850 வெள்ளி. இப்போது 3,857.