மகாராணி நடக்க மறுத்த மூன்று வாரம்

என் அண்ணி பொய் சொல்லிப் பிழைக்கிறவள். அண்ணன் மனைவியைப் பற்றி நாத்தனார் வேறெப்படிப் பேசுவாள் என்று நினைக்க வேண்டாம். பதினாறு வருஷமாகக் கூடவே வேலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் அவள் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் எனக்குச் சமையலறை வேலை. இரண்டு அறை, படிக்கட்டின் உச்சியில் இடுப்பளவு கம்பிக் கதவு, இருபத்து மூன்று குழந்தைகள். ஃபினாயில் வாசனையும் பால் வாசனையும் காலையிலிருந்து சண்டை போடும், பால்தான் ஜெயிக்கும்.

பொய் இதுதான். எந்தக் குழந்தையும் எங்கள் கண்ணெதிரே முதல் அடி எடுத்து வைக்கக் கூடாது. வைக்கத்தான் செய்யும்; பகல் முழுக்க இங்கே கிடக்கிற பிள்ளை வேறு எங்கே போய் வைக்கும்? ஆனால் நாங்கள் பார்த்ததில்லை. முதல் சொல்லும் அப்படித்தான். சாயந்தரம் அம்மா வந்து நின்றதும் அண்ணி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "கால் துறுதுறுன்னு இருக்கு, இந்த ரெண்டு நாள் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க" என்பாள். மறுநாள் பெற்றவர்கள் செல்போனில் வீடியோவோடு படியேறி வருவார்கள். அண்ணி புதிதாகக் கேட்பது போல வியப்பாள். எனக்கு அந்த நடிப்பு வராது. ஒரு தடவை "போன வாரமே..." என்று ஆரம்பித்துவிட்டேன். அதிலிருந்து அந்த நேரத்தில் என்னை உள்ளே விரட்டிவிடுவாள்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் எங்கள் வீடுதான். அண்ணிக்கு ஒரே பையன். அவன் முதலில் நடந்த அன்று அவள் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "உன் பையன் நடந்துட்டான், நான் பாத்துட்டேன்" என்று வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. சொன்னது என் அம்மா. அம்மா கெட்டவள் இல்லை, சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவள். அண்ணி சிரித்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. "ஏன் ஒண்ணோட நிறுத்திட்டே?" என்று மட்டும் அடுத்த பத்து வருஷம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். இப்போது அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அவனும் மருமகளும் நாய் வளர்க்கிறார்கள். நாய்க்குப் பிறந்தநாள் உண்டு. அண்ணி போய் வாழ்த்திவிட்டு, வேறெதுவும் கேட்காமல் திரும்பி வருகிறாள்.

காலம் எப்படி மாறிவிட்டது என்று தெரிய எங்கள் சேர்க்கைப் படிவத்தைப் பார்த்தால் போதும். நான் பிறந்த வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரே இடுப்பு. இங்கே ஒரு பிள்ளைக்கு அஞ்சு இடுப்பு, அஞ்சு போன் நம்பர். பிள்ளைகளும் முன்னே மாதிரி வீடு கட்டி விளையாடுவதில்லை. மரக்கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "கால்ல இருக்கேன், அப்புறம் வா" என்று ஒன்றையொன்று விரட்டுகின்றன.

அந்த மாதிரி அஞ்சு இடுப்பில் மாறி மாறிச் சவாரி செய்தவள்தான் மகாராணி. பட்டம் நாங்கள் கொடுத்தது. வயது பதினாறு மாதம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கல்யாணமாகாத சித்தப்பா என்று வீட்டில் ஆளாளுக்குத் தூக்கியதில் அவள் கால் தரையில் படவே இல்லை. எங்கள் கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து நடந்தாள். அண்ணி வழக்கம்போலக் கால் துறுதுறுப்பைச் சொல்லி அனுப்பினாள். வீடியோ வரவில்லை. மறுபடியும் சொன்னாள். அப்போதும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அரை நாள் லீவு போட்டுவிட்டு மகாராணியின் அம்மாதான் வந்தாள்.

"அக்கா, இந்த மாசத்தோட பாப்பாவை நிறுத்திக்கிறோம். நான் வேலையை விடுறேன்" என்றாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் உழைத்து இப்போதுதான் பதவி உயர்வு வாங்கியவள். "பாப்பா இன்னும் நடக்கல. எலும்பு டாக்டர்கிட்ட காட்டினோம், ஒண்ணும் இல்லைன்னுட்டார். அம்மா கூட இல்லாத ஏக்கம்தான்னு வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க. திங்கக்கிழமை ராஜினாமா லெட்டர் கொடுக்கணும். அவரே டைப் அடிச்சு வெச்சிருக்கார்."

அந்த வீட்டு ஆம்பளை, பெண்டாட்டி வேலையில் இவ்வளவு பங்கெடுத்துக்கொள்வதைப் பாராட்டி நான் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முறைத்தாள். பிறகு இத்தனை வருஷத்தில் செய்யாததைச் செய்தாள்.

"பாப்பா நடக்குறாம்மா. மூணு வாரமா நடக்குறா."

மகாராணியின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி மகாராணியைக் கொண்டுவந்து எதிரே இறக்கிவிட்டாள். மகாராணி அம்மாவைப் பார்த்தாள், இரண்டு கையையும் உயரத் தூக்கினாள், யாரும் தூக்கவில்லை என்றதும் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். வண்டி வாசலில் வந்து நிற்கும்போது யார் நடப்பார்கள்?

"உங்களுக்கு ஒரு குழந்தை குறைஞ்சுடுமேன்னு சொல்றீங்களா?" என்றாள் அவள் அம்மா.

அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து என் சமையலறைக்குள் விட்டு, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினாள். நாங்கள் மூன்று பேரும் திருடிகள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே அழுகை ஓய்ந்தது. மகாராணி சுற்றுமுற்றும் பார்த்தாள். சுமக்க ஆள் இல்லை என்பது உறுதியானதும் எழுந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏழு அடி நடந்து, ஒரு பையன் கையிலிருந்த பிஸ்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஏழு அடி திரும்பி நடந்தாள்.

அவள் அம்மா, அங்கே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல என்னைக்கு நடந்தா?"

"செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும்."

போனை எடுத்து அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தாள். "அப்போ ஆபீஸ்ல எனக்குக் கை தட்டிட்டு இருந்தாங்க" என்றாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "எலும்பு டாக்டர் வரைக்கும் அலைஞ்சேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"தப்புதாம்மா. நீங்களாப் பாக்கணும்னு நெனச்சேன்." அண்ணி தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"இதை வீட்டுல போய் எப்படிச் சொல்றது? பெத்தவகிட்ட நடக்கல, சம்பளத்துக்கு வளக்குறவங்ககிட்ட நடக்குறான்னு ஆகும். அதுக்கும் நான்தான் குத்தவாளி."

"சொல்லாதீங்க. யாரும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதா மட்டும் சொல்லுங்க" என்றாள் அண்ணி. டாக்டர் சொன்னார் என்றால் வீடே கேட்கும், மருமகள் சொன்னாள் என்றால் சுவர்கூடக் கேட்காது. "ரெண்டு நாள் தரையில விடுங்க. நீங்க பக்கத்துலயே இருங்க. வீட்டுல அவ நடக்குறதை நீங்கதான் முதல்ல பாக்கணும்."

திங்கட்கிழமை காலை கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது மகாராணியின் பாட்டி, அவள் அம்மாவின் மாமியார். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காலில் மகாராணி.

"பாத்தீங்களா? இத்தனை மாசமா நீங்க செய்யாததை நான் ஒரே காலைல செஞ்சுட்டேன்" என்றாள் மாமியார். "சனிக்கிழமை. இவ கடைக்குப் போயிருந்தா. நான் கையை நீட்டினேன், நடந்து வந்துட்டா. முதல் அடி என்கிட்டதான்."

அண்ணி, பின்னால் நின்ற அந்த மருமகளைப் பார்த்தாள். பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தோம். சனிக்கிழமை காலையில் அப்படி என்ன கடை? அவள் ஒரு தோளில் பாப்பாவின் பையும் இன்னொரு தோளில் ஆபீஸ் பையுமாக நின்றாள்.

"ஆமாக்கா. அத்தைதான் முதல்ல பாத்தாங்க" என்றாள். "எனக்குக் குடுத்து வைக்கல."

கடை வெறும் சாக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடிப்பில் அண்ணியையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். மாமியாருக்கு மனசு இளகிப் போனது. மருமகளின் முதுகைத் தட்டி, "நான் பாத்தா என்ன, நீ பாத்தா என்ன? லெட்டரைக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டேன் அவன்கிட்ட. பிள்ளை இங்கேயே வரட்டும், சாயந்தரம் பாத்துக்க நான் இருக்கேன். நேரமாச்சு பாரு, நீ கிளம்பு" என்றாள்.

"சரி அத்தை" என்று அவள் இறங்கினாள். கதவைச் சாத்தப் போன நான் பார்த்துவிட்டேன். பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்தி அழுதாள். பிறகு மணியைப் பார்த்தாள், முகத்தைத் துடைத்தாள், இரண்டிரண்டு படியாக இறங்கி ஆபீஸுக்கு ஓடினாள்.